நாடாவை இடையில் நிறுத்தலாம்

எங்கள் மாடியில் குடியிருப்பவரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பாதிப் பாடம் கைபேசியில்தான் நடக்கிறது. சாயங்காலம் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்பாள். திரையில் ஒரு பேராசிரியர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார். இவள் திடீரென்று ஒரு விரலை வைப்பாள். மனிதர் வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோவார்.

"இவரு என்ன தாத்தா, காரணமே சொல்லாம முடிவ மட்டும் சொல்லிட்டுப் போறாரு?" என்று என்னிடம் கேட்பாள். எதையோ எழுதிப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். அப்புறம் போனால் போகிறது என்று அவரை மறுபடி பேச விடுவாள்.

நிறுத்துவதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்த ஒரு பொத்தானை அழுத்துவதற்கு எழுத்து மூலமாக அனுமதி வாங்கியவன் நான்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் விரிவுரையாளராக இருந்தேன். அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு நடத்திவந்த ஒரு பல்கலைக்கழகம் ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தது. எங்கள் ஊர் மையத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். விதிமுறைகளைப் படித்துப் பார்த்து நடக்கிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அரசாங்கத்தில் அது புகழ்ச்சி அல்ல. வேலையை யார் தலையில் கட்டலாம் என்பதற்கான அடையாளம்.

ஒரு வருடம் பல்கலைக்கழகத்துக்குப் புதிய யோசனை தோன்றியது. பாடங்களைக் கேசட்டில் பதிவு செய்து, ஒரு டேப் ரெக்கார்டரும் கூடவே அனுப்பினார்கள். உடன் வந்த சுற்றறிக்கையின் முதல் வரி, "மாணவர்களின் விமர்சனச் சிந்தனையை வளர்க்கும் பொருட்டு" என்று தொடங்கியது. கடைசிப் பக்கத்தில், பாடம் ஒலிக்கும்போது நாடாவை இடையில் நிறுத்துவதோ பின்னோக்கி ஓட்டுவதோ கூடாது என்றும், மீறினால் ஏற்படும் சேதத்துக்கு மையப் பொறுப்பாளரே பொறுப்பு என்றும் இருந்தது. முதல் வரியைப் பேராசிரியர் எழுதியிருப்பார், கடைசிப் பக்கத்தைப் பண்டகசாலைக்காரர் எழுதியிருப்பார். கையெழுத்துப் போட்டவர் இரண்டையும் சேர்த்துப் படித்திருக்க மாட்டார்.

வகுப்பு நடந்தது நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் எல்லாம் அந்த ஜன்னலருகே வந்துதான் ஹாரன் அடிக்கும். டேப் ரெக்கார்டரின் சத்தம் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. படிக்க வந்தவர்களோ நாலு வேலைகளுக்கு நடுவே வருகிற பெரியவர்கள். பாலக்கோட்டிலிருந்து சர்க்கரை ஆலைக் குமாஸ்தா ஒருவர் வருவார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், மதியம் வரை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். முன் பெஞ்சில் ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியை உட்காருவார். எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

டீச்சருக்கு வேலை மலையடிவாரத்து ஊர் ஒன்றில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கணவர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். மகளை டீச்சர் தருமபுரியில் தன் அக்கா வீட்டில் விட்டுப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்க்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்; அதிலும் வகுப்பின் சாப்பாட்டு இடைவேளைதான். பட்டம் வந்தால் பதவி உயர்வு, பதவி உயர்வு வந்தால் தருமபுரிப் பக்கம் மாறுதல் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்த வருடம் கடைசி வருடம்.

சத்தம் கேட்கவில்லை என்று பின்பெஞ்சு முணுமுணுத்த முதல் ஞாயிறே, டீச்சர் எழுந்து டேப் ரெக்கார்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கேசட் ஓட ஓட, அது சொல்வதைக் கேட்டு, உரத்த குரலில், வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஆரம்பப்பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்திப் பழகிய குரல் அது. லாரிகளே கொஞ்சம் அடங்கிப்போனதுபோல் இருந்தது. எல்லாரும் குனிந்து எழுதினார்கள். கை கேசட்டைத் துரத்திக்கொண்டு ஓடும்போது மூளை வகுப்புக்கு வெளியே நிற்கும். சொல்கிறவருக்கும் அதே நிலைதான்.

சில மாதங்களில் வீட்டிலிருந்து எழுதி அஞ்சலில் அனுப்பவேண்டிய விடைகள் போயின. வேளாண் சந்தையின் குறைபாடுகளை விமர்சன நோக்கில் ஆராயச் சொல்லிக் கேள்வி. எங்கள் மையத்திலிருந்து போன ஒவ்வொரு விடையும் ஒரே மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொன்றின் நடுவிலும், இடைத்தரகர்களுக்கும் எடைக்குறைவுக்கும் மத்தியில், இப்படி ஒரு வாக்கியம் கம்பீரமாக நின்றது: "இத்துடன் முதல் பக்கம் முடிவடைகிறது. நாடாவைத் திருப்பிப் போட்டுத் தொடர்ந்து கேட்கவும்."

பல்கலைக்கழகத்தில் யாரும் சிரிக்கவில்லை. கூட்டாகப் பார்த்து எழுதிய முறைகேடு என்று எனக்கு ஓலை வந்தது. விசாரணை முடியும்வரை மையத்தில் யாருக்கும் தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது. இதற்குத் தலைமை தாங்கியவரை அடையாளம் காட்ட வேண்டும். அவர் அரசு ஊழியராக இருந்தால் அவருடைய துறைக்கும் தெரிவிக்கப்படும்.

அடுத்த ஞாயிறு அதைப் படித்துக் காட்டினேன். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

"சார், நாந்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்துடறேங்க. மத்தவங்களாச்சும் பரிச்சை எழுதட்டும்."

"எதையும் எழுதிக் கொடுக்காதீங்க டீச்சர். கேக்காத கேள்விக்கு எழுத்துல பதில் சொல்றது அரசு ஊழியருக்கு அழகில்ல."

"நீங்க எழுதிக் குடுத்தா நாங்களும் கூடவே எழுதுவோம் டீச்சர்" என்றார் ஜவுளிக்கடை பாய். "அப்பறம் அதுலயும் நாடாவைத் திருப்பிப் போடவும்னு வந்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்று சாப்பாட்டு இடைவேளையில் அவர் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. "புள்ளைகிட்ட அடுத்த வருஷம் வந்துருவேன்னு சொல்லி வெச்சிருக்கறேங்க. அது மொகத்தப் பார்த்தா அழுதுருவேன்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். விசாரணை விதிகளை எடுத்து உட்கார்ந்தேன். குற்றம் சாட்டப்பட்டவர்களை நேரில் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்று ஒரு விதி. சம்பவம் நடந்த இடத்தையும் சூழ்நிலையையும் விசாரணை அதிகாரி பார்வையிடலாம் என்று இன்னொரு விதி. 'பார்வையிடலாம்' என்பதைப் 'பார்வையிடுமாறு பணிவுடன் கோரப்படுகிறது' என்று மாற்றிப் பதில் அனுப்பினேன். பணிவுடன் கோரியதை மறுத்தால் அதற்குக் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதுவதைவிட ரயில் ஏறுவது சுலபம் என்று அதிகாரிக்குத் தெரியும். வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து நிர்வாகத்துக்குப் போனவர். வந்ததும் விடைத்தாள் கட்டை மேசைமேல் போட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"யார் சொல்லி எழுதினீங்க?"

டீச்சர் எழுந்து நின்றார். "நாந்தாங்க சார். கேசட்டு சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பின்னாடி கேக்கலைன்னாங்க."

"நாடாவைத் திருப்பிப் போடவும்னு சொல்லும்போதாவது யோசிக்க வேண்டாமா அம்மா? நீங்களே ஒரு டீச்சர்!"

டீச்சர் டேப் ரெக்கார்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஆனால் அதே சொல்வதெழுதுதல் குரலில் சொன்னார்:

"யோசிச்சா எழுத முடியாதுங்க சார். ஒரு வரிய யோசிக்கறதுக்குள்ள அடுத்த ரெண்டு வரி போயிருது. யோசிக்கணும்னா நிறுத்தணும். நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தை அவர்முன் வைத்தேன். அவர் அதைப் படித்தார். அப்புறம் முதல் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். மறுபடி கடைசிப் பக்கம். அந்த இரண்டு பக்கங்களும் ஒரே மனிதரின் கண்ணில் அடுத்தடுத்துப் பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சரி. இன்னைக்கு நிறுத்தலாம். இவங்க யாரும் கேக்காத பாடம் ஒண்ணு போடுங்க. பார்ப்போம்."

"எழுத்து மூலமா கொடுத்துட்டீங்கன்னா நல்லது சார்" என்றேன்.

முறைத்தார். கொடுத்தார்.

கேசட் ஓடியது. டீச்சர் பழையபடி பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்னார். விளைச்சல் மிகும்போது விலை வீழ்கிறது என்றது கேசட். ஆகவே விவசாயி விளைபொருளை உடனே விற்காமல் இருப்பு வைத்து, விலை ஏறிய பின் விற்பதே அறிவுடைமை என்றது. எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அதிகாரியின் பேனாவும் மேசைமேல் இருந்த அறிக்கைத்தாளை நோக்கி நகர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டக் என்று ஒரு சத்தம். டீச்சர் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"எந்த விளைபொருள்னு சொல்லலீங்களே சார்."

பேனாக்கள் நின்றுவிட்டன. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள்.

"பாலக்கோட்டுத் தக்காளிய இருப்பு வெச்சா, வெல ஏறும்போது கூடைல தண்ணிதான் இருக்கும்" என்றார் பாய், யாரையும் பார்க்காமல்.

"கரும்பும் அப்படித்தாங்க" என்றார் ஆலைக் குமாஸ்தா. "வெட்டிப் போட்டு வெச்சா காஞ்சிரும். சக்கரைய வேணா ஆலை இருப்பு வெச்சிக்கும். அப்ப இது விவசாயிக்குச் சொன்னதா, ஆலைக்குச் சொன்னதா?"

"ராகி வெக்கலாமே. எங்க பக்கத்து வூட்டுக்காரரு குழிவெட்டிக் கொட்டி மூடி வெப்பாரே" என்று பாய் தன் கட்சியைத் தானே மாற்றிக்கொண்டார்.

"மழைத்தண்ணி குழில எறங்கினா?" என்று பின்பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எல்லாரும் வெச்சிருந்து ஒண்ணா வெளிய எடுத்தா மறுபடி வெல எறங்காதா?" இது இன்னொரு குரல். வருடம் முழுக்க அந்தக் குரலை வருகைப்பதிவின்போது மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"அப்ப நாடா தப்புங்கறீங்களா?" என்றார் அதிகாரி.

"தப்பு இல்லீங்க சார்" என்றார் டீச்சர். "பாதி சொல்லியிருக்குது. வெக்கறதுக்கு எடமும் காத்திருக்க வசதியும் இருக்கறவனுக்குச் சரி. அவன் கேசட்டு சொல்லாமயே வெச்சிருப்பான். இல்லாதவனுக்கு அறிவில்லைன்னு சொல்றாப்பல ஆயிருதே."

"இந்தப் பாடத்தை எழுதினவர் பெரிய பேராசிரியர், அம்மா."

"தக்காளி வாங்கறவரா இருப்பாருங்க" என்றார் குமாஸ்தா. மண்டபம் வெடித்துச் சிரித்தது.

அதிகாரிக்குக் கோபம் வந்ததா, பழைய ஆசிரியப் புத்தி வந்ததா, தெரியாது. எழுந்து சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தார். குளிர்பதனக் கிடங்கு இருந்தால் என்ன ஆகும் என்று பலகையில் கோடு போட்டு வாதாடினார். கிடங்கு யாருடையதாக இருக்கும் என்று குமாஸ்தா மடக்கினார். கூட்டுறவுக்காரர்களுடையதாக இருக்கட்டும் என்றார் அதிகாரி. அதற்குக் கிளம்பிய சத்தத்தில் பெங்களூர் லாரி ஒன்றின் ஹாரன் காணாமல் போனது. அவருக்காக வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"பாருங்க, டீய இருப்பு வெச்சிட்டாரு" என்று பாய் என் காதில் சொன்னார்.

சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். வண்டி ஏறும்வரை அவர் விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தக்காளியைப் பற்றியே பேசினார்.

முடிவு வரும்வரை டீச்சர் ஒவ்வொரு ஞாயிறும் வாசலிலேயே என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், இன்னும் இல்லை என்று. ஒருநாள் காலை கையில் தபாலோடு நின்றேன். முறைகேடு ஏதும் நடைபெறவில்லை. ஒலிபெருக்கி வசதியின்மையே காரணம். மாணவர்கள் விடைகளைப் புதிதாக எழுதி அனுப்பினால் நுழைவுச்சீட்டு வழங்கப்படும். அதைக் கேட்டதும் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "சார், மத்தியானம் சீக்கிரம் போவட்டுங்களா?" என்றார். அவரை அப்போதே போகச் சொன்னேன். வருகைப்பதிவில் அவருக்கு அரைநாள் போட்டேன், விதி விதிதான்.

புது விடைகள் போயின. ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், சில இடங்களில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. கூடவே புதிய சுற்றறிக்கையும் வந்தது: நாடாவை இடையில் நிறுத்தலாம். நிறுத்துவதற்கான காரணத்தைப் பொறுப்பாளர் பதிவு செய்ய வேண்டும். 'சந்தேகம்' என்றே ஒவ்வொரு முறையும் பதிந்தேன். யாரும் கேட்கவில்லை.

டீச்சர் தேறினார். பதவி உயர்வு கொஞ்சம் இழுத்தடித்தது. அரசாங்கத்துக்கென்று ஒரு நடை உண்டு. ஆனால் வந்தது. மாறுதல் அதியமான்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கு. அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், பஸ்ஸில் எதற்கு முன்வாசல், எதற்குப் பின்வாசல் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருங்க சார், தெனமும் வூட்டுல இதே பாடுதான்" என்றார் டீச்சர். "நிறுத்தவே மாட்டேங்கறா."

சலித்துக்கொள்கிற குரல்தான். ஆனால் அப்படி ஒரு நிம்மதியான முகத்தை அந்த மண்டபத்தில் ஒரு ஞாயிறுகூட நான் பார்த்ததில்லை.