அரை நோன்பு மாமா

போன வாரம் பின்லாந்திலிருந்து மகன் பேசினான். அங்கே அப்போது காலை ஒன்பது மணி. "இன்னும் விடியல உம்மா. எந்திரிக்கவே தோண மாட்டேங்குது" என்றான். சில நாளாக வகுப்புக்கும் போகவில்லையாம், சரியாகச் சாப்பிடவும் இல்லையாம். உடனே கிளம்பி வா என்று சொல்லிவிட்டேன். இருட்டுக்குப் பயந்து யாராவது படிப்பை விடுவார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கோ மாமாவின் நினைவு வந்துவிட்டது.

மாமா, என் உம்மாவின் தம்பி. எங்கள் காயல்பட்டினத்து ஆண்கள் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருக்க, அவர் மட்டும் அதே பின்லாந்தில், பைன் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு காகித ஆலைக்கு எலக்ட்ரீஷியனாகப் போனார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அந்த வருடம் நோன்பு மார்கழியில் வந்தது. அந்தக் காட்டில் கோடையில் ராத்திரியிலும் வெளிச்சம் போகாதாம். அதற்கெல்லாம் சேர்த்து மார்கழியில் பிடித்துக்கொள்ளும் போல. பத்து மணிக்கு மேல் மரங்களுக்கு இடையே சூரியன் எட்டிப் பார்க்கும், இரண்டரைக்கெல்லாம் இறங்கிவிடும். அவர் அங்கே மதியத்தில் நோன்பு திறக்கும்போது இங்கே எங்களுக்கு சாயங்கால மஃரிப் பாங்கு சொல்லும் நேரமாக இருக்கும்.

எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. 'அரை நோன்பு மாமா' என்று பெயரே வைத்துவிட்டோம். அவரோ தினமும் அந்த நேரம் பார்த்துத்தான் போன் பண்ணுவார். கஞ்சி ஆறுகிறதே என்று எங்களுக்குப் பொறுமை இருக்காது.

ஒரு நாள் போனில் உம்மாவின் குரல் உயர்ந்தது. "ஊருக்கு வந்திரட்டாவா? நல்லா இருக்குலே! இங்க உள்ளதுல பாதி நேரந்தான் நோன்பு, மிச்சமெல்லாம் ராத்திரி. போத்திட்டுத் தூங்க வேண்டியதானே?" என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தார்.

"அங்கன இன்னைக்கு வெயில் அடிச்சுதா புள்ளே?" என்று மாமா கேட்டார்.

"காலையிலேருந்து மழை மாமா."

லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன்.

பெருநாளுக்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். "அரை நோன்பையே தாங்க முடியலையா வே?" என்று தெருவில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. உச்சி வெயிலில், மொட்டைமாடியில் பாயை விரித்துச் சட்டையில்லாமல் படுத்துக் கிடந்தார். "என்னலே, கருவாடா நீ, காயுததுக்கு?" என்று உம்மா கீழேயிருந்து கத்தினார். வெயிலைக் கண்டால் ஒதுங்கி நடக்கத்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், வாப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு ஓடி, அவர் முகத்துக்கு மேல் விரித்துப் பிடித்தேன்.

கண்ணைத் திறக்காமலே, "மடக்கு புள்ளே" என்றார்.

நான் மடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலில் விழுந்ததும் அவர் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் படுத்தார். நானும் குடையோடு கூடவே தள்ளி நின்றேன். அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. வெயில் கூசுகிறது என்று நினைத்து, குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தேன்.