அறுத்த யாளி

என் மேசைமேல் ஒரு யாளித் தலை இருக்கிறது. பலா மரம், கைக்குள் அடங்கும் அளவு. பிதுங்கிய கண், பிளந்த வாய், கழுத்தில் ரம்பம் போன தடம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது என் சித்தியின் வீணையில் இருந்த தலை. மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது வீணையும் கற்றுக்கொண்டு, யுத்த காலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் அதை மடியில் கிடத்தியபடி, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

சபை மூப்பர் வீட்டுக்கே வந்து வீணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மூஞ்சி சாமி செல கணக்கால்ல இருக்கு. இதோட ஆண்டவர் சந்நிதிக்குள்ள வரக்கூடாது" என்றார்.

"அறுத்துட்டாக் கொண்டாரலாமாய்யா?"

"தாராளமா வாம்மா."

வண்டி ஆசாரி ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏந்தாயி, இது ஒங்கள என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டார். சித்தி வீணையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அறுத்த அதிர்ச்சியில், மெழுகில் பதித்திருந்த பித்தளை மெட்டுகள் பெயர்ந்துபோயின. மெழுகை உருக்கி, சுரத்தைக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் பதித்தாள். விரலெல்லாம் கொப்புளம்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் வாசலில் மூப்பர் அவளை மறித்தார். "பொம்பளப் பிள்ள சபைக்கு முன்னால உக்காந்து வாசிக்கிறதாவது? எம் மகன் ஆர்மோனியம் வாசிக்கிறான்ல, போதும்."

அடப்பாவி மனுஷா! அதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஒரு பெண் வாசிப்பது பொறுக்கவில்லை; அதற்கு அந்த வாயில்லா மரத்தின் மேல் பழி. ஆராதனை முடியும்வரை சித்தி வெளியே வேப்பமரத்தடியில் வீணையோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு கோயிலுக்குப் போனாள். சாகும்வரை போனாள். வீட்டில் மட்டும் வாசித்தாள். அவள் மன்னித்துவிட்டாள். என்னால் முடியவில்லை.

போன மாதம் சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நூற்றாண்டு விழாவாம். என்னிடமுள்ள சித்தியின் வீணையைக் கோயிலில் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். அவர்களில் ஒருவர் மூப்பரின் பேரன். யாளியைக் கையில் எடுத்து, "இதையும் குடுத்தீகன்னா ஒட்டிருவோம். தலையோட இருந்தாத்தான் லட்சணமா இருக்கும்" என்றார்.

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "வீணைய எடுத்துட்டுப் போங்க. அறுத்தது அறுத்தபடியே வைங்க. தல எங்கன்னு கேக்குறவுகளுக்கு நீங்களே நின்னு பதில் சொல்லுங்க."

யாளி என் மேசையில்தான் இருக்கிறது. வீணையை எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை.