மஞ்சள் பாட்டிலும் அண்ணியின் மூக்கும்

எந்த சென்ட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பும் அண்ணி தன் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்துகொள்வாள். முந்தைய மணம் மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்தது சரியாகத் தெரியாதாம். சொந்தத் தோலின் வாசம்தான் மூக்கைத் துடைக்கும் துணி என்பாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், சோப்பு வாங்கும்போதுகூடக் கை தானாக மடங்கும்.

"உன்னையே மோந்து பாத்துக்க, அவ்ளோ அழகு" என்று அண்ணன் கேலி செய்வான். அவன் இடுப்பு அடிபட்டுப் படுத்த பிறகு, எங்கள் வீடு அந்த மூக்கை நம்பித்தான் நின்றது.

அண்ணி பெரிய கடையொன்றில் சென்ட் விற்றாள். அதே கடையில் எனக்குக் கண்ணாடி துடைக்கும் வேலையும் அவள் வாங்கித் தந்ததுதான். அங்கே விலை கூடியது மஞ்சள் பாட்டில். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்த மணம். கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும்.

"இவ்ளோ விலை குடுத்தும் நிக்கவே மாட்டேங்குதேம்மா" என்று வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"நிக்கறது வேணும்னா அந்தப் பக்கம் நிறைய இருக்குங்க. இது மூஞ்சி கழுவின மாதிரி. கழுவின மூஞ்சி எவ்ளோ நேரம் ஈரமா இருக்கும்? அதுக்காகக் கழுவாம இருக்கோமா?" என்பாள் அண்ணி. சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்கிறது என்று படுக்கையிலிருந்த அண்ணன் கத்தினான். பக்கத்திலேயே நின்றவளுக்குத் தெரியவில்லை. "வந்தாலும் வரும்" என்றார் டாக்டர். அண்ணி ஆரஞ்சுத் தோலை மூக்குக்குள் திணிக்காத குறை. மிளகாயைத் தீயில் போட்டுக் குனிந்தாள். கண்ணீர் வந்தது, நெடி வரவில்லை.

"கடையில சொல்லிடலாம் அண்ணி."

"சொன்னா, மூக்கில்லாதவளுக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பாங்க. நீதான் வாயே திறக்க மாட்டியே, அந்தக் குணம் இப்பவாவது உதவட்டும்."

அதன் பிறகு, காலையில் ஆள் வருமுன் சாம்பிள் பாட்டில்களை எல்லாம் நான் முகர்ந்து பார்ப்பேன். எதுவாவது கெட்டிருந்தால் அதன் பக்கத்தில் துடைக்கும் துணியை வைத்துவிட்டுப் போவேன். மற்றதை அண்ணி ஞாபகத்திலிருந்து விற்றாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முழங்கை மடிப்பில் மட்டும் முன்னைவிட அதிக நேரம் முகம் புதைத்திருந்தாள்.

மஞ்சள் பாட்டில் பளபளவென்று தெரிய வேண்டுமென்று முதலாளி அதன் அடியில் ஒரு விளக்கைப் பொருத்தினார். தொட்டால் கண்ணாடி சுட்டது. அந்த வாரம் பார்த்து எனக்குச் சளி. எந்தப் பாட்டிலுக்கும் நான் துணி வைக்கவில்லை.

வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மாவை முதலாளியே அழைத்துவந்தார். அண்ணி முழங்கையை முகர்ந்தாள், அட்டைத் துண்டில் சென்டைத் தெளித்தாள், தானும் ஒருமுறை முகர்ந்து, "இப்பதான் உரிச்ச மாதிரி இருக்கு பாருங்கம்மா" என்று நீட்டினாள்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "என்னம்மா, பழைய எண்ணெய் வாடை அடிக்குது."

முதலாளி அட்டையை வாங்கி முகர்ந்தார். அந்த அம்மா போனதும் புது அட்டை ஒன்றை எடுத்து, என் பினாயில் வாளியில் நனைத்து அண்ணியிடம் கொடுத்தார்.

"இது எதுன்னு சொல்லு."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அழுக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பினாயிலுக்கு எங்களிடம் ஜாடை எதுவும் இல்லை. அவள் முழங்கையை முகர்ந்தாள். அட்டையை முகர்ந்தாள். மறுபடி முழங்கையை முகர்ந்தாள்.

"ரோஜாங்க" என்றாள்.

"அந்தப் பாட்டில் கெட்டது விளக்குச் சூட்டாலங்க" என்றேன் நான். முதலாளியிடம் நானாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"இருக்கலாம்" என்றார் அவர். "இவ மூக்கு கெட்டது எதனால?"

விளக்கை அன்றே கழற்றிவிட்டார்கள். அண்ணியையும் அன்றே நிறுத்திவிட்டார்கள்.

நான் இன்னும் அங்கேதான் கண்ணாடி துடைக்கிறேன். என் சம்பளம் மூன்று பேருக்குப் போதவில்லை. தீய்வது தெரிய வேண்டுமென்று அண்ணன் தன் கட்டிலை அடுப்பு அறை வாசலுக்கு மாற்றச் சொல்லிவிட்டான். அண்ணிக்கு மூக்கு திரும்பவில்லை. வேறு வேலையும் கிடைக்கவில்லை. சோப்பு வாங்கினால் இப்போதும் கை மடங்குகிறது.