ரஷ்ய நாட்டின் மாபெரும் நடிகர்

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனில் ரஷ்யக் கேணல்களுக்கு இடுப்புப் பெருப்பித்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் திடுக்கிட வேண்டும் என்பதற்காகவே என் வேலையை இப்படிச் சொல்வது வழக்கம். உண்மையில், நாடகங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் ஓர் இடத்தில் தையல் அறையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவள். தவளை கீறிய கை என்பதால் கத்தரிக்கோல் பிடிக்க எனக்குத் தகுதி உண்டு என்று நேர்முகத்தில் சொன்னேன். மேலாளர் அம்மையார் சிரிக்கவில்லை. ஆனால் வேலை தந்தார்.

அங்கே சாம்பல் நிறத்தில் ரஷ்ய இராணுவக் கேணலின் நீளக் கோட்டு ஒன்று இருந்தது. அணிந்தவர்களின் பெயரை நாடாவில் எழுதிக் கழுத்துப் பட்டியின் உட்பக்கம் தைத்து வைப்போம். அந்தக் கோட்டில் ஒரே பெயர் ஏழு தடவை இருந்தது. பெயருக்குரிய நடிகர் ரஷ்யர் அல்ல, செக் நாட்டுக்காரர். அறுபத்தெட்டில் ரஷ்ய யுத்தத் தாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்தபோது ஒரு பெட்டியோடு ஓடிவந்தவர். எந்த உடுப்பைக் கண்டு ஓடினாரோ அந்த உடுப்பைப் போட்டுத்தான் லண்டனில் சோறு தின்றார். இதில் ஆங்கிலேயருக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை. டூட்டிங் தெருவில் என்னைப் பாகிஸ்தானி என்று திட்டியவனுக்கும் தெரியவில்லை. அதனால் அவருடைய நிலைமை எனக்கு விளக்கம் இல்லாமலே விளங்கியது.

அவர் வரும்போதெல்லாம் இடுப்புத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விடுவேன். என் வாய் நிறையக் குண்டூசி இருக்கும். ஆகவே நான் மிக நல்ல ரசிகை. கையை அகல விரித்து நின்றபடி தன் கதையைச் சொல்வார். இருபத்தாறு வயதில் பிராகின் பெரிய அரங்கொன்றில் இளவரசன் வேடம். மூன்று பக்க வசனம். அதைக் கேட்கவே வேலை முடிந்து நேரே வந்து நிற்பவர்கள் இருந்தார்களாம். திரைப்படங்களிலும் நடித்திருக்கிறார். லண்டனில் அவர் பேசிய மிக நீளமான வசனம், "இவனைக் கொண்டு போங்கள்." அதைச் சொன்ன கையோடு யாராவது அவரைச் சுட்டுவிடுவார்கள். அவர் வரும் நாடகங்களை வீட்டில் தவறாமல் பார்ப்போம். நான் குசினியில் இருந்தால் என் கணவர் முன்னறையிலிருந்து குரல் கொடுப்பார்:

"இஞ்ச ஓடி வாரும்! உம்மட கேணல் முதல் விளம்பரத்துக்கு முன்னமே செத்துப்போனார்!"

அவருக்கு ஒரேயோர் ஆசை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "ஒரு தடவை, மேடம். என் மொழியில், மேடையில் நின்று, முழு வசனமும் பேச வேண்டும். பிறகு என்னைச் சுடலாம்." நான் குண்டூசிகளோடு தலையாட்டுவேன்.

எண்பத்தொன்பதின் கடைசியில் அவருடைய நாட்டில் ஆட்சி விழுந்தது. அடுத்த வருடமே பழைய அரங்கிலிருந்து கடிதம் வந்தது. தையல் அறைக்கு ஓடிவந்து அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அளவு கொடுக்க அல்லாமல் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு, எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்றும் சொன்னேன். என் ஊருக்குப் போக எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

மூன்றே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நாடகத்தை வாசித்தார்களாம். அவர் அரசன் வேடத்தை வாசித்தார். இளம் இயக்குநர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பேச்சு மிக அழகு, ஆனால் ஆங்கில வாடை அடிக்கிறது என்றான். அரசன் வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதே நாடகத்தில் ஓர் ஆங்கில வியாபாரி வருகிறான், அதற்கு உங்கள் உச்சரிப்பு கச்சிதம் என்றார்கள். லண்டனில் இருபது வருடம் ரஷ்யனாக இருந்தவர் பிராகுக்குப் போய் ஆங்கிலேயன் ஆனார். அவர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

இங்கேயும் நிலைமை சரியில்லை. ரஷ்யாவே கலகலத்துப்போன பிறகு கேணல்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. கோட்டைப் பூச்சி அரிக்காமல் உறை போட்டு வைத்தோம். அவருக்கு உறை போட ஆள் இல்லை. இரக்கப்பட்டு வாய் தவறி, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நாடக விழாவுக்கு வந்து பாருங்கள் என்று அழைத்துவிட்டேன். அன்றிரவு கணவரிடம் சொன்னேன். மறுநாள் வெம்பிளியில் தன்னோடு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்யும் சங்கத் தலைவரிடம் அவர் சொன்னார். அதோடு விஷயம் என் கையை விட்டுப் போயிற்று.

தலைவர் ஊரில் இருந்தபோது மாஸ்கோ சார்பு இடதுசாரி. மாஸ்கோவில் தமிழில் அச்சடித்து மலிவு விலையில் வந்த தடித்த புத்தகங்களை முகர்ந்து வளர்ந்தவர். ரஷ்யாவே ரஷ்யாவைக் கைவிட்ட பிறகும் அவர் கைவிடவில்லை. ஒரு வாரத்தில் வெம்பிளிக் கடைக் கண்ணாடிகளில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று: 'பிரதம விருந்தினர், ரஷ்ய நாட்டின் மாபெரும் நடிகர்.' தலைவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணை, அவர் ரஷ்யன் இல்லை."

"நான் ரீவியில கண்டனான் தங்கச்சி. கேணல்."

"அது வேஷம் அண்ணை! ரஷ்யன்ர தாங்கி வந்துதான் அந்த மனுசன் நாட்டை விட்டே ஓடினது."

மறுமுனையில் உலக வரலாறு ஒன்று ஆட்டம் கண்டிருக்க வேண்டும்.

"இப்ப என்ன செய்யிறது? நோட்டீஸ் அடிச்சாச்செல்லோ."

எங்கள் ஆட்களிடம் உண்மைக்கு மேலே ஒன்று உண்டென்றால் அது அச்சடித்த நோட்டீஸ்தான். இனி அந்த மனிதர் ரஷ்யாவில் போய்ப் பிறந்துவிட்டு வருவதே சுலபம்.

ஞாயிறு மாலை நாலு மணி விழா ஐந்தரைக்குத் தொடங்கியது. பள்ளிக்கூட மண்டபம். அவர் மூன்றரைக்கே வந்து, டை கட்டியபடி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். ரஷ்ய மண், ரஷ்யப் பனி, ரஷ்ய உழவர். விருந்தினருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது கடவுள் செய்த உதவி. பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். அதை அவர் எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் ஆங்கிலத்துக்கு மாறி, ஒலிவாங்கியை நீட்டி, பெருந்தன்மையாகச் சொன்னார்:

"சேர், உங்கட பாஷையிலயே இரண்டு வார்த்தை கதையுங்கோ."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளையாட்டா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் தலையாட்டினேன். வாயில் குண்டூசி இல்லாமலே பேச முடியவில்லை.

ஒலிவாங்கியை ஒதுக்கிவிட்டு முன்னே வந்தார். அந்த மூன்று பக்க வசனம்தான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, அவர் நின்ற விதம் அப்படி. குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. இருபது வருடமாகக் கோட்டுக்குள் நின்ற ஆளுக்கு அந்தக் குரல் இருக்கவில்லை. எங்கள் விழாவில் பிள்ளைகள் ஓடுவார்கள், பின்வரிசையில் காணி விலை பேசுவார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் கேத்தலோடு கதவடியில் வந்து நின்றார்கள். ஏதோ கெஞ்சினார், யாரையோ திட்டினார், கடைசியில் மிக மெல்ல ஏதோ சொல்லி முடித்தார். என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்தார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

தலைவர் உடனே மொழிபெயர்த்தார். "ரஷ்ய மக்கள் சார்பில் தமிழ் மக்களுக்குத் தமது புரட்சிகர வாழ்த்துகளைத் தெரிவிக்கின்றார்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதற்குப் பிறகு எங்கள் நாடகத்துக்கு மிஞ்சியது பதினைந்து நிமிடம்தான். மண்டபக் காவலாளி கதவு பூட்டத் திறப்புக் கோர்வையோடு வந்து நின்றுவிட்டான்.

மேடையை விட்டு இறங்கியவர் நேரே என்னிடம் வந்தார். பொன்னாடை ஒரு தோளில் தொங்கியது. கைதட்டலைப் பற்றியோ தலைவர் சொன்னதைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"மேடம், உண்மையைச் சொல்லுங்கள். ஆங்கில வாடை அடித்ததா?"

செக் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"ஒரு பொட்டும் இல்லை" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றி என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்து பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டார்.