ஆளுக்குப் பத்து வேம்பு

ஊரில் எனக்கு மஞ்சப்பை என்று பெயர். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் பாலிதீன் பையோடு எவன் வந்தாலும் நிறுத்தி வைத்து வகுப்பெடுப்பேன். டீக்கடைக்குச் சொந்த டம்ளரோடு போவேன். இதெல்லாம் மனதாரச் செய்வதுதான். ஆனால் மலேசியாவில் இருக்கும் கொழுந்தியாள், "அக்காளும் மாமாவும் ஒரு தடவ பிளேனு ஏறி வாங்க" என்று போனில் கூப்பிட்டபோது எனக்குள் கலங்கியது பூமிக்காக அல்ல. வயிறு. பொருட்காட்சி ராட்டினத்தில் பாதிச் சுற்றிலேயே "எறக்கி விடுங்கப்பா" என்று அலறியவன் நான்.

வயிறு என்று வெளியே சொல்ல முடியுமா? பூமி என்று சொன்னேன்.

"பிளேனு விடுற புகை எம்புட்டுன்னு தெரியுமா? ஏற்கெனவே நம்ம பக்கம் மழையக் காணோம். இதுல நாமளும் போயிப் பொகையக் கெளப்பணுமா?"

மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "அதுக்கு ஒரு பரிகாரமும் இல்லியாக்கும்?"

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"இருக்கு. ஒரு ஆளு பறந்தா பத்து மரம் வளக்கணும். இடுப்பு ஒசரம் வந்தாத்தான் செல்லும்."

இந்தப் பத்தும் இடுப்பும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த நிமிடம் என் வாயில் பிறந்தவை.

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அவளுக்குத் தாய்வீட்டில் கொடுத்த கரிசல் துண்டு ஒன்று கிடக்கிறது. சீமைக்கருவேலத்தைத் தவிர அங்கே எதுவும் தானாக வளராது. தப்பி வளர்ந்தால், பக்கத்துக் காட்டில் என் பள்ளிக்கூடத் தோழனின் ஆடுகள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் பத்து வேப்பங்கன்றுகளை நானே நட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, மலேசியாவை மறந்தேன்.

அவள் மறக்கவில்லை. வாரம் இரண்டு நாள் தண்ணீர்க் கேனோடு ஷேர் ஆட்டோ ஏறினாள். எதை ஒழிக்கச் சொல்லி நான் கூட்டம் போட்டுப் பேசினேனோ, அந்தச் சீமைக்கருவேல முள்ளையே வெட்டி வேலி அடைத்தாள். நான் கரித்துக்கொட்டும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி, மூடியில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு தூரிலும் கவிழ்த்துச் சொட்டுநீர் விட்டாள். சித்திரை வெயிலிலும் ஒன்றுகூடக் காயவில்லை.

கன்றுகள் என் முட்டியைத் தொட்ட அன்று எனக்குக் காய்ச்சல் கண்டது. யாருக்கும் தெரியாமல் போய்த் தோழனைப் பிடித்தேன்.

"ஆட்ட இந்தப் பக்கமும் கொஞ்சம் பத்திட்டு வாயேன்டா. நல்ல கொழை."

"ஏலே, வெக்கமா இல்ல? ஊருக்கெல்லாம் மரம் நடச் சொல்லிட்டு! ஒம் வீட்டுக்காரி சொல்லிட்டுத்தான் போயிருக்கு. ஒரு எல கொறஞ்சாலும் பட்டியில ஆட்ட அடைக்க வேணாமாம், ஒன்னய அடைக்கணுமாம்."

அடுத்த ஐப்பசியில் அளக்கும் நாள் வந்தது. என் வயதில் இடுப்பு எங்கே இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. தொப்பைக்கு மேலா, கீழா? வேட்டி நிற்கிற இடம்தான் இடுப்பு என்று நானே தீர்ப்புச் சொல்லி, தொப்புளுக்கு மேலே கட்டிக்கொண்டு மனைவியோடு போனேன். முதல் கன்று எட்டிவிட்டது. வேட்டியைச் சற்று ஏற்றினேன். இரண்டாவதும் எட்டியது. ஏழாவது கன்றின் முன்னால் நின்றபோது வேட்டி நெஞ்சில் இருந்தது, கீழே முழங்கால் தெரிந்தது.

வேலிக்கு வெளியே ஆடுகளோடு வேடிக்கை பார்த்த தோழன் சொன்னான்: "இன்னும் ஏத்துனேன்னா கழுத்துல கட்டி முடிவெட்டத்தான் ஒக்காரணும்லே."

தோற்றேன். "சரி, பத்தும் பாஸு. பாஸ்போட்டுக்கு எழுதிப் போடுவோம்" என்றேன். அவள் கேனைக் கீழே வைத்தாள்.

"நீங்க எதுக்கு? ஒரு ஆளுக்குப் பத்துன்னு நீங்கதான சொன்னீக? பத்து இருக்கு. நா ஒரு ஆளு. எனக்குப் பாஸ்போட்டு வந்துருச்சு. போலீஸ்காரரு விசாரிக்க வந்தப்ப நீங்க மரம் நடுற கூட்டத்துல பேசிக்கிட்டிருந்தீக."

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் அதற்கு ரோசம் வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டா? ஒரு வார்த்தை, சும்மா ஒப்புக்குக்கூட, நீங்களும் வாங்க என்று கூப்பிடக் கூடாதா?

இப்போது அவள் போய் இரண்டு வாரம் ஆகிறது. ஷேர் ஆட்டோவில் கேனோடு போவது நான். ஆட்டோக்காரர் நான் ஏறும்போதெல்லாம், "அக்கா எப்ப வாராக?" என்கிறார். எனக்கும் அதே கேள்விதான்.

நேற்றுக் காட்டில் நிற்கும்போது வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே பச்சை.

"இங்க தெனமும் மழைங்க. யாரும் ஊத்தாமயே மரம் அம்புட்டு ஒசரம் நிக்கி. அடுத்த வருசமும் கூப்புடுறா எந் தங்கச்சி. ஒங்க பத்துக்குக் குழி தோண்டியாச்சா?"

"ஒம்பது தோண்டிட்டேன். பத்தாவது எடத்துல பாறை."

பின்னாலிருந்து தோழன் ஊருக்கே கேட்கக் கத்தினான்: "கரிசக்காட்டுல ஏதுலே பாறை?"

டவர் கிடைக்கவில்லை என்று போனை வைத்துவிட்டேன்.