நாலு மணி வரை தஞ்சாவூர்

எங்கள் ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டில் "தஞ்சாவூருக்குப் போயிருக்காங்க" என்பார்கள். எதற்கு என்று யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடலை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் என்றால் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு தடவை நான் போனது என்னைப் பெற்ற அத்தாவின் கண் ஆபரேஷனுக்கும் என் பிரசவத்துக்கும். இரண்டு தடவையும் பெரிய கோயிலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அந்த ஊரை நான் சுற்றிப் பார்த்தது ஒரே ஒரு நாள். என் வீட்டுக்காரரோடு, காலையிலிருந்து நாலு மணி வரைக்கும்.

அவர் சவூதியில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஆண்கள் என்றால் வயசாளிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். மற்றவர்கள் எல்லாரும் சபரில் இருந்தார்கள். வெளிநாட்டுப் பிழைப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முதலில் அவர்களுடைய குரல் கேசட்டில் வந்தது. பிறகு தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்ததும் பெண்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மணி அடிப்பதற்காகக் காத்திருந்தோம்.

அந்த முறை லீவுக்கு நாள் இருக்கும்போதே அவர் வந்து நின்றார். பெட்டிகளும் குறைவு. "என்னங்க திடீர்னு?" என்று கேட்டேன். "விட்டாங்க, வந்தேன்" என்றார். சந்தோஷத்தில் நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

தினமும் இறால், கெண்டை, கோழி என்று ஆக்கினேன். அவர் சோற்றை வெகுநேரம் பிசைவார். இரண்டு வாய் வைப்பார். தண்ணீர் குடிப்பார். எழுந்துவிடுவார். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தேன். ஒரு நாள் தட்டை எடுக்கும்போது வாய்விட்டுவிட்டேன்.

"அங்க வகைவகையா ஆக்கித் தின்ன வாய்க்கு என் சோறு இறங்கலயா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா புள்ள, இறங்கல" என்றார்.

அதைக் குத்தல் பேச்சாக எடுத்துக்கொண்டு நாலு நாள் அவரோடு நான் பேசவில்லை. ஐந்தாம் நாள் கொல்லைப்பக்கம் போனபோது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தின்ற சோறு அப்படியே, மென்றபடியே, மண்ணில் கிடந்தது. கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. நாள்தோறும் அதே இடத்துக்கு வந்து பழகிய கோழிகள் என்பது அவை ஓடிவந்த விதத்திலேயே தெரிந்தது.

உள்ளூர் டாக்டர் தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே இருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த நாளில் விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம். மகளை என் தங்கை வீட்டில் விட்டிருந்தேன். மன்னார்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்றுவிட்ட வயல்கள், தண்ணீர் போதாமல் மஞ்சளாகக் கிடந்தன. அவர் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்க. நாலு மணிக்கு வாங்க, ரிப்போர்ட்டும் அப்பத்தான் வரும்" என்றாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்காரப் போனேன். அவர் உட்காரவில்லை.

"எந்திரி. ஊரைப் பாத்துட்டு வருவோம்."

"இப்பவா?"

"வேற எப்ப? அங்க எவன் கேட்டாலும் தஞ்சாவூருன்னுதான் சொல்லுவேன். நம்ம ஊரு பேரைச் சொன்னா எவனுக்குத் தெரியும்? ரூம்ல ஒரு மலையாளி, கோயில் எப்படி இருக்கும், அரண்மனை எப்படி இருக்கும், சாப்பாடு எங்க நல்லா இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருப்பான். நானும் அளந்து விட்டிருக்கேன். எல்லாம் பொய். ஒரு தடவையாவது பாத்துட வேணாமா?"

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனோம். மாவரைக்கிற வாசனையும் காபி வாசனையும் வாசலிலேயே வந்தன. இரண்டு இட்லி தனக்கு, நாலு இட்லியும் ஒரு ரவா தோசையும் எனக்கு என்று அவரே சொன்னார். அன்றைக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா இருந்தது. கடப்பாவை நான் அதற்கு முன்பு சாப்பிட்டதில்லை.

"பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு" என்றார் அவர், விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து. "தேங்காயோட சோம்பு, பொட்டுக்கடலை சேத்து அரைச்சிருக்கான். பட்டை கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லா இருக்கு. நீ தின்னு."

அவர் ஒரு இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் கஞ்சியாக்கினார். ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். தொண்டை எலும்பு மேலே ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறியது. நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன். பரிமாறுகிறவர் வந்து, "ஏன் சார், இட்லி சரியில்லையா?" என்று கேட்டார்.

"பிரமாதமா இருக்குங்க. நான் வீட்டுலயே பசியாறிட்டேன்" என்றார்.

ஓட்டலிலிருந்து பெரிய கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனதும் கல் தரை காலைச் சுட்டது. அவர் சவூதியிலிருந்து போன லீவில் கொண்டுவந்து கொடுத்த கறுப்பு புர்காவை நான் போட்டிருந்தேன். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று கூச்சமாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு நந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோபுரத்துக்குக் கீழே போய் அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நிழல் கீழ விழவே விழாதுன்னு அந்த மலையாளிகிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னேன். விழுது பாரு" என்றார்.

விழுந்துதான் இருந்தது. அந்த நிழலில் நின்றுகொண்டோம். சுவர் முழுக்க எழுத்து வெட்டியிருந்தது. ஒரு கைடு வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ராஜா மட்டுமில்லை, கோயிலில் ஆடினவர்கள், துணி வெளுத்தவர்கள், முடி திருத்தினவர்கள் பேர்கூட இங்கே இருக்கிறது என்று அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் அவரிடம் போனார்.

"சோறாக்கினவங்க பேரு இருக்குங்களா?"

கைடு சிரித்து, "தேடிப் பாத்தா இருக்கும் பாய்" என்றார்.

அவர் நிஜமாகவே தேடினார். அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சுவரோரமாக நடந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் சட்டை முதுகில் தொளதொளவென்று ஆடுவதைப் பின்னாலிருந்து அன்றைக்குத்தான் கவனித்தேன். லீவுக்கு வந்த அன்றே அது தொளதொளவென்றுதான் இருந்திருக்க வேண்டும்.

அரண்மனைக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஐம்பொன் சிலைகளைப் பார்த்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. தர்பார் மண்டபத்துக்கு வந்ததும் நிழலாக ஒரு படியைப் பார்த்து உட்கார்ந்தார். மேலே விதானத்தில் வர்ணம் உதிர்ந்திருந்தது. புறாக்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அவர் புதிதாகக் கடைகளில் விற்க ஆரம்பித்திருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு மிடறு குடித்து, இறங்குவதற்காகக் காத்திருந்து, பிறகு சொன்னார்.

"நாலு மணிக்கு என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும் புள்ள."

நான் புறாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கயே பாத்தாச்சு. கம்பெனி ஆஸ்பத்திரியில. புத்துநோய்னு சொல்லித்தான் அனுப்பிவிட்டாங்க. லீவு இல்ல. விசாவை முடிச்சாச்சு."

"எப்ப?"

"வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

அவர் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் இறால் உரித்ததும், மசாலா அரைத்ததும், கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்ததும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கத்தான் கை தூக்கினேன் என்று நினைக்கிறேன். சிலை பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனதால் கையை இறக்கிக்கொண்டேன்.

"ஏன் சொல்லல? அப்பவே வந்திருந்தா ஏதாவது வழி இருந்திருக்குமில்ல?"

"இருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

"வருஷா வருஷம் உங்கிட்ட கேசட்டுலதான் பேசினேன். நேர்ல வந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. டாக்டர் சொல்லட்டும்னு இருந்துட்டேன். வீட்டுல கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்னு தோணுச்சு. அவ்ளோதான்."

பதினோரு வருஷம் ஒருவருக்காகக் காத்திருந்தவளிடம், கொஞ்ச நாள் சும்மா இருக்கணும் என்று அவர் கேட்டதைத் தப்பு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

எழுந்து நடந்தோம். கடைத்தெருவில் ஒரு பிரியாணிக் கடைக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். எனக்கு வேண்டாம் என்றேன். "மணி இன்னும் ரெண்டு ஆகல. நாலு வரைக்கும் பட்டினியா இருப்பியா? உள்ள வா" என்றார்.

ஒரு பிளேட் மட்டும் வாங்கினார். பரிமாறியவர் இரண்டு இலை போட்டபோது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கோபத்தில் சாப்பிட ஆரம்பித்தேன். அவரைப் பார்க்காமல், நிறுத்தாமல், கறியைப் பிய்த்து, எலும்பைச் சூப்பி, தாளிச்சாவை ஊற்றி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கோரமாக வழிந்து இலையில் விழுந்தது. காரம் என்று நினைத்து, பரிமாறியவர் தயிர்ப் பச்சடி கொண்டுவந்து வைத்தார்.

"அரிசி நல்ல பழைய அரிசி" என்றார் அவர். "நல்லா தம் போட்டிருக்கான்."

அவ்வளவு ருசியான பிரியாணியை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. அந்த ருசி எனக்குத் தெரிந்ததுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம். வாய்க்கு வெட்கமே இல்லை.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டார். வயதான, அமைதியான மனிதர். மெதுவாக எடுத்துச் சொன்னார். அப்போதுதான் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்மா" என்றார். தலையாட்டினேன். பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் அப்போதுதான் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தைரியமான ஆளுங்களா இருக்கீங்க" என்றார்.

ஆபரேஷன் பண்ணும் கட்டம் தாண்டிவிட்டது. மெட்ராஸுக்குப் போய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தோம். வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். அரிசியைக் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுவேன். படுத்தபடியே, "இன்னும் கொஞ்சம் நீர்க்க இருக்கணும்", "உப்பு போட்டியா" என்று கேட்பார். உப்பு தெரியாத குழாய்க்கு உப்பு எதற்கு என்று நான் கேட்டதில்லை. போட்டேன் என்பேன். போடவும் செய்தேன். மாசி மாதம் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் மௌத்தானார். மகளுக்கு அப்போது எட்டு வயது. அத்தாவை அவள் சேர்ந்தாற்போல அதிக நாள் பார்த்தது அந்த நோயில்தான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த அடுத்த மாதம் அவருடைய தம்பி சவூதிக்குப் போனான். அதே கம்பெனி, அதே மெஸ். கட்டில்கூட அண்ணனுடையதுதான் என்று பூத்துக்குப் பேசியபோது சொன்னான். அந்த மலையாளி இன்னும் அந்த ரூமில் இருந்தாராம். அண்ணன் சொன்ன கோயிலைப் பற்றிக் கேட்டாராம். இவனும் பார்த்ததில்லை.

அதன் பிறகு எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போயிருக்கிறேன். பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் டீ மட்டும் வாங்கிவரச் சொல்வேன்.

போன வருஷம் மகளுக்குக் கல்யாணம் முடித்தேன். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். நல்ல பையன்தான். விசாரித்து வந்த மற்ற மூன்று வரன்களும்கூட சபர்தான். ஒருவர் சிங்கப்பூர், மற்ற இரண்டு பேர் சவூதி. உள்ளூரில் இருக்கிற பையன் ஒருவன்கூட வரவில்லை. மூணு மாத லீவு முடிவதற்குள் இரண்டு பேரும் எங்கேயாவது ஒரு நாள் போய்வர வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள்.

"தஞ்சாவூர்ல என்னம்மா பாக்கலாம்? எங்க சாப்பாடு நல்லா இருக்கும்?" என்று கேட்டாள்.

கோயில், அரண்மனை, அந்த இரண்டு கடைகள், எல்லாம் சொன்னேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் கோயிலைப் பார்த்துவிடுங்கள், கல்லு சுடும் என்றேன். வேறு எதையும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் மாப்பிள்ளை சபருக்குப் போகாமல் இருந்துவிடப் போகிறாரா?