மூன்றாவது மிதி

என் வீட்டுக்காரர் தறியை விட்டுவிட்டு டாக்ஸி ஓட்டப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பு போய்விட்டிருந்தது. என் கோபமெல்லாம் அவர் கார் வாங்கிய விதத்தின் மேல்தான். எழுதினால் ஆறிவிடும் என்று என் மகள் சொல்கிறாள். எழுத எழுத இன்னும் கொதிக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. ஆரணி டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவர் தன் சின்னக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பார்க்கப் போனோம். சந்தன நிறம். நாலு பேருக்கு மேல் ஏறினால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார வேண்டியதுதான். அன்று காலையில்தான் எஃப்.சி. முடித்துக்கொண்டு வந்திருந்தது. வாடகைக் கார் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, ஓடத் தகுதியுள்ளது என்று முத்திரை வாங்க வேண்டும். விற்பவர் அந்தக் காகிதத்தைச் சாமி படம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார்.

"கவர்மெண்டே பாத்து கையெழுத்து போட்டுகீது. இதுக்கு மேல இன்னாங்க வேணும்?"

என் வீட்டுக்காரர் காகிதத்தைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். நாலும் புதுசு. முன்பக்க டயர் ஒன்றின் பக்கவாட்டில் மட்டும் நகம் அளவுக்குப் பிறை மாதிரி ஒரு வெட்டு. நெய்கிறவள் கண் பழுதைத் தேடித்தான் முதலில் போகும். ஒரு வெட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

பணம் கொடுத்து இரண்டு நாள் கழித்து, விற்றவரே வண்டியை வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். நாலு டயரும் மொட்டை. பட்டனே இல்லை, வழவழவென்று இருந்தன. ஹாரனும் மாறியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. விற்றவருக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை.

"அது எஃப்.சி. டயரும்மா. ஸ்டாண்டுக்கே பொது. அடுத்த வருசம் உங்க வண்டிக்கும் மாட்டுவோம், கவலப்படாதீங்க."

அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. ஸ்டாண்டு வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நல்ல டயர் ஒரு செட், ஹாரன் ஒன்று, விளக்கு இரண்டு வாங்கி மெக்கானிக் ஷெட்டில் வைத்திருந்தார்கள். யாருக்கு எஃப்.சி.யோ அன்று காலை அவர் வண்டியில் அதெல்லாம் ஏறும். மெக்கானிக் புது பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருக்கிற காற்றை எடுத்துவிடுவார். அன்று ஒரு பொழுதுக்கு பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். சாயங்காலம் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி ஷெட்டுக்குள் போட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது போலத்தான் அவர்களுக்கு இது. ஏமாற்று என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

"ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் ஓட்டிகினு கீறாங்க. நீ ஏன் சொம்மா பேஜார் பண்ற?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நெய்து கொண்டுபோகிற சேலையை முதலாளி வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடிப்பார். பாவில் ஒரு இழை அறுந்திருந்தால் போதும், முகத்துக்கு நேரே நீட்டுவார். இத்தனைக்கும் அது உடுத்துகிற துணி. பிரிந்தால் யாரும் சாகப்போவதில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டிக்கு இரவல் டயரைக் காட்டினால் முத்திரை விழுகிறதாம்!

கவர்மெண்டே கையெழுத்து போட்டிருக்கிறது என்று விற்றவர் சொன்னதையே என் வீட்டுக்காரரும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வண்டி அதன் குணத்தைக் காட்டியது. தெள்ளாரில் கொதித்து நின்றது. சேத்துப்பட்டில் கியர் கம்பி கையோடு வந்துவிட்டது. பெரணமல்லூர் பள்ளிக்கூடத்துக்கு மூன்று டீச்சர்களைத் தினமும் கொண்டுபோய் விடும் வாடகை எங்களுக்குக் கிடைத்திருந்தது. வாரத்துக்கு ஒருநாளாவது அவர்கள் இறங்கித் தள்ளினார்கள். நிற்கிற வண்டியால் ஆபத்தில்லை என்று பொறுத்துக்கொண்டேன். எங்கள் மகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். தினமும் முன்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போவாள்.

ஒருநாள் டீச்சர்களுக்கு லீவு. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சேத்துப்பட்டு ரோட்டில் கரும்பு வண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மிதித்தார். அப்போதும் போனது. மூன்றாவது மிதியில்தான் நின்றது. கரும்புத் தோகை கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார்.

"இவ இப்பிடித்தான். மூணாவதுலதான் புடிப்பா. எனக்குக் கணக்கு தெரியும்."

"தெனமும் இப்பிடித்தானா?"

"வாங்கின நாள்லருந்து."

அதாவது, அந்த முத்திரை விழுந்த வாரத்திலிருந்து. என் மகள் தினமும் உட்கார்ந்து போன சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷம் அவரை அறைந்திருப்பேன், கையில் பிள்ளை இருந்தது.

அடுத்த எஃப்.சி. வந்தது. இரவல் டயர் ஏறியது, பிரேக் ஆயில் ஏறியது. நானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். போகிற வழியில் கோயிலில் இறங்கிக்கொள்வேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார். நான் இறங்கினேன்.

"சார், இந்த டயரு எங்களுது இல்ல. இதோ வெட்டு பாருங்க. ஸ்டாண்டுல கீற எல்லா வண்டிக்கும் இதான்."

என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போனது. இன்ஸ்பெக்டர் நிமிரக்கூட இல்லை.

"தெரியும்மா. அந்த வெட்ட நானும் எத்தனையோ வண்டியில பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா கையெழுத்து போட்டீங்க?"

"நான் பாக்குற அன்னிக்கு வண்டியில என்ன இருக்கோ, அதுக்குத்தாம்மா கையெழுத்து."

அவர் தெரியாமல் ஏமாந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"அப்பிடின்னா நாளைக்கு இன்னா இருக்குமோ அதையும் எழுதுங்க. நாளைக்கு இந்த பிரேக்கு நிக்காது. என் பொண்ணு இதுலதான் ஸ்கூலுக்குப் போறா. ஃபெயில்னு எழுதுங்க!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல்தான் இன்ஸ்பெக்டர் ஃபெயில் என்று எழுதினார்.

ஸ்டாண்டில் எங்கள் வண்டிக்கு இடமில்லை என்றார்கள். இரண்டு மாதம் அது வாசலில் நின்றது. டீச்சர்கள் பஸ்ஸில் போனார்கள், என் மகளும் அவர்களோடு போனாள். என் வீட்டுக்காரர் சோறு போடு என்பதைத் தவிர என்னிடம் பேசவில்லை. நான் நெய்தேன். நெய்த கூலியில் பிரேக் முழுவதையும் மாற்றினோம். பட்டன் தேயாத டயர் நாலு வாங்கிப் போட்டோம். பழசுதான், ஆனால் எங்களுடையது. அந்த வண்டியை அப்படியே கொண்டுபோய்க் காட்டி, முத்திரை வாங்கினோம்.

பிறகு ஒருநாள் அதே ரோட்டில் போனோம். மகள் மறுபடி முன்சீட்டில். ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே இறங்கியது. அவர் மிதித்தார். வண்டி சட்டென்று நின்றது. நின்ற பிறகும் அவர் கால் இன்னும் இரண்டு முறை மிதித்தது.

"முதல் மிதியிலயே நின்னுடுச்சிங்க" என்றேன்.

"தெரியுது," என்றார். காலை எடுக்கவில்லை.

அந்தக் காரை விற்கிற நாள் வரை அவர் மூன்று முறைதான் மிதித்தார். கவர்மெண்டே கையெழுத்து போட்டிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன். அவர் கால் மட்டும் அந்தக் கையெழுத்தை ஒருநாளும் நம்பியதில்லை.